சக்கரமில்லாத மலைக்கு ஒரு சக்கரச் சீட்டு

சேந்தமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வண்டியின் இடது சக்கரம் எங்களை விட்டுப் பிரிந்து போனது. முதலில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. சக்கரம் தன்பாட்டில் எங்களுக்கு முன்னால் உருண்டு, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்தடியில் சுற்றிச் சுற்றிப் படுத்துக்கொண்டது. மாடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றன. என் மடியில் இருந்த பாவாயி கைதட்டிச் சிரித்தாள். அக்கா செத்ததிலிருந்து அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்க்கவில்லை.

பாவாயி என் அக்கா தங்கத்தின் மகள். நாலு வயசு. நாங்கள் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள். நான் துரை பங்களாவில் சமையல்கட்டு வேலைக்காரன். அவளுடைய அப்பன் பெரியண்ணன் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுக்காரர். தோட்டத்துக்குக் கூலிக்கு வந்த இடத்தில் அக்காவைக் கட்டினார். போன வருஷம் தையில், ஊரில் உள்ள புஞ்சைக் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் கொண்டுபோய்விட்டது.

"அப்பன் இருக்கிற புள்ளை. அப்பன்கிட்டக் கொண்டுபோய் உடு" என்று அம்மா சொன்னாள். சரி என்று கிளம்பினேன். ஆனால் பெரியண்ணன் வேறு பெண் கட்டியிருப்பார், பிள்ளை வேண்டாம் என்பார், நான் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அக்கா முகம் அப்படியே பாவாயிக்கு இல்லை. அக்காவின் தூக்கம் இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுத் தூங்குவாள். அதை நான் யாருக்கும் கொடுக்க விரும்பவில்லை.

இந்த ஆசைக்கு ஒரு சாட்சியும் கிடைத்திருந்தது. எங்கள் துரைசாணிக்குச் சீட்டுப் போட்டுப் பலன் பார்க்கிற பழக்கம் உண்டு. நாங்கள் விளையாடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம். நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார்கள். நான் தயங்கியதும் பாவாயி கையை நீட்டி எடுத்துவிட்டாள். சக்கரம் வந்தது. நடுவில் பெரிய சக்கரம், அதன்மேல் வாள் பிடித்த ஒரு சிங்க உடம்புக்காரி, ஒரு ஓரத்தில் இறங்குகிற பாம்பு, இன்னொரு ஓரத்தில் ஏறுகிற நாய்முகத்து ஆள். ஆனால் சீட்டு தலைகீழாக இருந்தது. அதனால் சிங்கக்காரி தொங்கினாள், பாம்பு ஏறியது, நாய்முகத்தான் இறங்கினான்.

துரைசாணி தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்கள்: "இது விதிச் சக்கரம். நேரே வந்தால் நல்ல மாற்றம். கீழ்மேலாய் வந்தால், இப்போ ஒன்னும் மாத்தாதே. மாத்தினால் கையை விட்டுப் போகும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மாதான் கேட்கவில்லை. சீட்டைத் திருப்பிக் கேட்டபோது பாவாயி கொடுக்காமல் அழுதாள். "இருக்கட்டும், அந்தச் சீட்டு எனக்கும் நல்லது செய்ததில்லை" என்று துரைசாணி விட்டுவிட்டார்கள். கடல் தாண்டி, ரயில் ஏறி, அது பாவாயி கையிலேயே வந்தது.

வண்டிக்காரர் ரோட்டில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். "ஏந்தம்பி, அடி கிடி பட்டுதுங்களா?"

"இல்லைங்க. என்ன தேடறீங்க?"

"கடையாணி உழுந்துபோச்சு. அது இல்லாட்டிச் சக்கரம் அச்சுல நிக்காது. எங்க உழுந்துதுன்னு மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்."

நானும் தேடினேன். கிடைக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தோட்டத்தில் வெயிலடித்தாலும் காற்றில் ஒரு ஈரம் இருக்கும். இங்கே மண்ணே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது. வண்டிக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு வேலங்குச்சியைச் சீவ ஆரம்பித்தார். பாவாயி அவர் பக்கத்தில் போய்ச் சீட்டை நீட்டினாள். படத்தில் இருப்பதும் சக்கரம், ஓடிப்போனதும் சக்கரம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

அவர் வாங்கிப் பார்த்தார். நான் பலனைச் சொன்னேன்.

"இது ஆரு பண்ணுன சக்கரமுங்க? சுத்தி இரும்புப் பட்டாவே இல்லை. கடையாணியும் இல்லை. போதாத கொறைக்குப் பாம்பு வேற ஏறி உக்காந்திருக்குது. இது மேலா இருந்தா என்ன, கீழா இருந்தா என்ன? ஓடாதுங்க தம்பி."

குச்சியை அடித்து இறுக்கிச் சக்கரத்தை மாட்டினார். வழியெல்லாம் இடது பக்கமே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அடிவாரம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சத்திரத்தில் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். பாவாயி மிளகாயைக் கடித்துவிட்டு என் சட்டையில் நாக்கைத் துடைத்தாள்.

மறுநாள் அடிவாரத்தில் சந்தை. மலைக்காரர்கள் பலாப்பழமும் தேனும் கடுகும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உப்பும் கருவாடும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர்களோடு சேர்ந்து ஏறினால்தான் வழி தெரியும் என்று சத்திரத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வியாபாரம் முடியும்வரை நாங்கள் சுற்றினோம்.

சந்தையின் ஓரத்தில் ஒரு கிளி சோசியர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். பாவாயி கிளியைப் பார்த்ததும் நகர மறுத்தாள். இவரும் சீட்டுப் பார்க்கிறவர்தானே, கேட்டுப் பார்க்கலாம் என்று சக்கரச் சீட்டைக் காட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"கெட்டி அட்டை. சீமைச் சரக்கு. எங்க புடிச்சே?"

சொன்னேன். தலைகீழாக வந்ததையும் சொன்னேன்.

"தலகீழா வந்தாக் கெட்டதா? ஆரு சொன்னா?" கூண்டைத் திறந்து கிளியை வெளியே விட்டார். அது நடந்து வந்து ஒரு சீட்டை உருவிப் போட்டது. முருகன் தலைகீழாகக் கிடந்தார். "பாத்தியா? அதுக்கு மூக்கு வளைஞ்சிருக்குது, பாதிச் சீட்டு இப்பிடித்தான் வரும். பாதிச் சனத்துக்குக் கெட்ட காலம்னு சொன்னா நாளைக்கு இங்க நான் சாக்கு விரிக்க முடியுமா? திருப்பி வெச்சுப் படிக்கோணும். அவ்வளவுதான் தொழிலு."

"நான் திருப்பிப் படிக்கலாங்களா?"

"உன்ற சீட்டு. உன்ற கை. ஆனா ஒண்ணு, ஒனக்கு எது வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோ. பொறவு திருப்பு."

பக்கத்தில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த பொம்பளை சத்தமாகச் சிரித்தாள். "கேட்டுக்குங்க சாமி, இவரு பொண்டாட்டி ஓடிப்போன அன்னைக்கும் இப்பிடித்தான் திருப்பி வெச்சுப் படிச்சாரு."

"நீ வெத்தலையைப் பாருடி" என்றார் சோசியர்.

நான் சீட்டைத் திருப்பவில்லை. எனக்கு எது வேண்டும் என்பது தெரியும். அதற்குத் தலைகீழாக இருப்பதே வசதி.

மலை ஏறும்போது எங்களுக்குத் துணையாக வந்தவர் சடையன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தலையில் உப்பு மூட்டை வைத்துக்கொண்டு, கையை விட்டுவிட்டு நடப்பார். மூட்டை தலையோடு பிறந்த மாதிரி இருக்கும். பாதை என்று சொல்வது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடம். நான் மலையில் பிறந்தவன்தான். ஆனால் எங்கள் மலையில் துரைமார் மோட்டார் போக வளைத்து வளைத்து ரோடு போட்டிருக்கிறார்கள். இது நேரே ஏணி மாதிரி நிற்கிறது. பாவாயியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து முன்னால் போன பெண்கள் சிரித்தார்கள்.

"கண்டியில மலை இருக்குதுங்களா?" என்று கேட்டார் சடையன்.

"இருக்குது. மலை பூராவும் தேயிலை."

"திங்கலாமுங்களா?"

"திங்க முடியாது. காயவெச்சுத் தண்ணியில கொதிக்க வெச்சுக் குடிப்பாங்க."

"வகுறு நெறையுமா?"

"நெறையாது."

"அப்பறம் எதுக்குங்க மலை பூராவும் வெச்சிருக்கறாங்க?"

பாதிவழியில் ஒரு சுனையில் தண்ணீர் குடித்து, அவர்கள் கொடுத்த சாமைச் சோற்று உருண்டையைத் தின்றோம். சாமைச் சோறு வாயில் உதிரும். அரிசி மாதிரி ஒட்டாது. ஆனால் தின்று கொஞ்ச நேரத்தில் கால் தானாக நடக்கிறது.

அங்கேதான் கேட்டேன். "வளப்பூர் நாட்டுல பெரியண்ணன்னு ஒருத்தர். கண்டிக்கு வந்து போனவரு. தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"இவ அவரு மகதான். எங்கக்கா செத்துப்போச்சு. புள்ளையை அவருகிட்ட உடத்தான் வந்திருக்கேன்."

சடையன் தின்பதை நிறுத்தினார். பாவாயியைப் பார்த்தார். பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "அவரு நல்லா இருக்காருங்களா?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாமுங்க" என்றார். எழுந்து தன் உப்பு மூட்டையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, பாவாயியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மேலே போய்ச் சேரும்வரை அவர் வேடிக்கை பேசவில்லை. வேறு பெண் கட்டியிருக்கிறார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குக் கால் லேசானது.

மேலே போனால் இன்னொரு ஊரே விரிந்து கிடந்தது. பள்ளத்தில் வயல், மேட்டில் புஞ்சை, நடுவில் புல் கூரை வீடுகள். எங்கள் தோட்டத்து மலை வாரித் தலைசீவின மாதிரி ஒரே வரிசையாக இருக்கும். இது தூங்கி எழுந்த தலை மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் பலா. வேரிலிருந்தே காய்த்திருந்தது. ஒரு வண்டி இல்லை. வண்டித் தடம்கூட இல்லை. சுமப்பதெல்லாம் தலையும் தோளும்தான்.

பெரியண்ணன் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். ஒல்லி, நல்ல உயரம். பெரியண்ணனின் மூத்த அக்கா வெள்ளையம்மா. புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டோடு வந்து இருந்தவர். சடையன் பாவாயியை இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் செம்பில் தண்ணீர் வந்தது. குடித்து, உட்கார்ந்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

"அக்காங்க, நான் தங்கத்தோட தம்பி" என்றேன்.

"அக்கான்னு கூப்புட்டா மொறை கெட்டுப்போகுமுங்க. நங்கைன்னு கூப்புடுங்க." அண்ணியைத்தான் அங்கே நங்கை என்கிறார்கள். "தங்கம் பொறவால வருதுங்களா?"

"அக்கா இல்லீங்க. ஐப்பசியில செத்துப்போச்சு."

நங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "என்ற தம்பியும் இல்லீங்க. ஆடி மாசம். காய்ச்சலு."

அந்த மலையில் சாவுச் சேதியை வழியில் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்துத்தான் சொல்வார்கள். சடையன் அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கண்டிக்குப் போகிற ஆள் ஒருவரிடம் இவர்கள் சொல்லியனுப்பிய சேதி எங்களுக்கு வந்து சேரவில்லை. ஆக, அவர் செத்தது அக்காவுக்குத் தெரியாது. அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே அவர் இல்லை. நான் அவரைத் திட்டிய திட்டெல்லாம் இல்லாத ஆளைத் திட்டியது.

"பொண்டாட்டி புள்ளையைக் கூட்டியாரோணும்னு கூரைக்குப் புதுப் புல்லு மாத்துனான்" என்றார் நங்கை. நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரை புதிதாகத்தான் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தார்கள். தின்றேன். களி அடுத்த வீட்டிலிருந்து வந்தது. இவர்கள் வீட்டில் மாவரைக்கிற திரிகை இருந்தும் ஏன் அடுத்த வீட்டு மாவு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில்தான் அந்தத் திரிகையைச் சரியாகப் பார்த்தேன். வீட்டுக்குள் மூலையில் இருந்தது. கீழ்க்கல் தன் இடத்தில் இருக்க, மேல்கல்லை மட்டும் கழற்றிப் பக்கத்தில் மல்லாத்தி வைத்திருந்தார்கள். அரைக்கிற முகம் கூரையைப் பார்த்துக் கிடந்தது. நடுக்குழியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. பாவாயி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சீட்டைக் கல்லின்மேல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

நங்கை வந்து பார்த்தார். குனிந்தார். "ஏனுங்க, இது எங்க கல்லாட்டமே இருக்குதுங்களே!"

"அது சக்கரமுங்க நங்கை."

"சக்கரம்னா?"

அவர் மலையை விட்டு இறங்கியதே இல்லை. நான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை உருட்டிக் காட்டினேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். சீட்டு கைமாறியது.

"நடுவுல பாரு, ராகி போடற குழி. சுத்திலும் கொத்துப் போட்ட கோடு."

"கைப்புடி எங்கடி?"

"இந்தப் பாம்புதான் போலிருக்குது."

"பாம்பைப் புடிச்சா சுத்தறது? கண்டிப் பொம்பளைங்க கெட்டிக்காரிங்கதான்!"

வாசலில் நின்ற சடையன் உள்ளே எட்டிப் பார்த்து, "அது வண்டிச் சக்கரம். நான் கீழ பாத்திருக்கறேன்" என்றார்.

"வண்டி எங்க இருக்குது இதுல? வண்டி இல்லாத சக்கரத்தை எவனாச்சும் எழுதி வெப்பானா?" என்றார் நங்கை. நானும் யோசித்துப் பார்த்தேன். உண்மையில் அந்தப் படத்தில் வண்டி இல்லை.

நங்கை சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது ஏன் கவுந்திருக்குது?" தொங்குகிற சிங்கக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"அப்படித்தான் வந்துது. பங்களாவுல சொன்னாங்க, தலகீழா வந்தா எதையும் மாத்தக் கூடாதாம். மாத்தினாக் கையை விட்டுப் போயிருமாம்." சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பலமாகவே இருந்திருக்கும். நான் கொண்டுவந்த ஒரே ஆயுதம் அதுதான்.

"மாத்தாம வெச்சிருந்தா எப்பிடிங்க திங்கறது?" என்றார் நங்கை.

பிறகு அவர் சொன்னதிலிருந்துதான் எனக்கு விஷயம் விளங்கியது. அங்கே வீட்டுக்காரன் செத்தால் திரிகையின் மேல்கல்லைக் கழற்றி மல்லாத்தி வைத்துவிடுவார்கள். செத்தவனின் பெண்டாட்டியோ பிள்ளையோ கை வைத்தால்தான் அதைத் திரும்ப நிமிர்த்தலாம். அதுவரை அந்த வீட்டில் அரைக்கக் கூடாது, அந்த வீட்டுக் காட்டில் விதைக்கக் கூடாது. ஒரு வருஷம் வரைக்கும் பார்ப்பார்கள். யாரும் வராவிட்டால் பங்காளி வந்து நிமிர்த்துவான். நிமிர்த்தின கையோடு காடும் அவனுக்குப் போய்விடும்.

"ஆடி வந்தா வருசம்" என்றார் நங்கை. "பங்காளி இந்தா நிக்கறானே, இவந்தான்." சடையனைக் காட்டினார்.

நான் சடையனைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "என்ற காட்டை நானே தோள்ல சொமந்துக்கிட்டு வந்தேனுங்க. உப்பு மூட்டையை வேற அடுத்தவன் தலையில வெச்சுட்டு."

"அதான் மேல வாரப்ப மூஞ்சி உப்பாட்டம் இருந்துதா?" என்றாள் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"புள்ளை கல்லை நிமித்துனா இந்த ஊட்டுப் புள்ளை" என்றார் நங்கை என்னிடம். "ஆனா தாய்மாமன் மடியில இருந்து எறக்கி உடோணும். மாமன் எறக்காம நாங்க கல்லைத் தொட மாட்டமுங்க. உங்களுக்குச் சம்மதம் இல்லீன்னாக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அப்படிச் சொல்லாமல் அழுது பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். சரி என்றார்கள்.

அன்று பகல் பெரியண்ணன் காட்டைப் பார்க்கப் போனேன். சடையன் காடு உழுது, விதைக்குத் தயாராக, கறுத்துக் கிடந்தது. அதை ஒட்டி இவர் காடு. புல்பூண்டு முளைத்து, ஒரு மழைக்குக் காத்திருக்கிறதா இல்லை விட்டுவிட்டதா என்று சொல்ல முடியாமல் இருந்தது. வரப்பில் ஒரு பலா. சடையன் ஒரு பழத்தை இறக்கிப் பிளந்தார். பாவாயி சுளையும் பிசினுமாக முழங்கை வரைக்கும் தின்றாள். "மாமா, இங்க தேயிலையே இல்ல" என்றாள். குறையாகச் சொன்னாளா, சந்தோஷமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

நான் வரப்பில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டிக்கொண்டு போனால் தோட்டக் கூலிகளின் லயத்து அறையில் அவள் எங்களோடு இருப்பாள். தலைக்கு மேலே கையைப் போட்டுத் தூங்குவாள். கொஞ்ச வருஷத்தில் கூடை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள், அக்கா போன மாதிரி. துரைசாணி சொன்னது சரியாக நடக்கும். ஒன்றும் மாறாது. அக்கா இருந்தால் எதைக் கேட்பாள் என்று யோசித்தேன். அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன பாக்கறீங்க?" என்று கேட்டார் சடையன்.

"நான் எறக்கி உட்டா உங்களுக்குக் காடு போயிருமே."

"போனாப் போகுது. வருசம் வந்து நான் நிமித்தியிருந்தாலும் வெள்ளையம்மாக்கா எனக்குக் களி போட்டிருக்காதுங்க. மூஞ்சியில வீசியிருக்கும்." பலாக்கொட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டார். "உழவுக்கு என்ற மாடு இருக்குது. மழைக்கு முந்தி ஓட்டிடலாம்."

மறுநாள் விடிந்ததும் பாவாயியைக் குளிப்பாட்டினார்கள். நான் திரிகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவளை என் மடியில் வைத்தார்கள். நங்கை சிலந்திக் கூட்டைத் துடைத்துவிட்டு, "எறக்குங்க தம்பி" என்றார்.

அவள் கனமே இல்லை. மலையேறும்போது அத்தனை கனத்தவள். இறக்கினேன். கை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். அவளால் அசைக்க முடியுமா? நங்கையும் இன்னொரு பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்துக் கல்லைத் தூக்கிக் கவிழ்த்து, கீழ்க்கல்லின் முளையில் இறக்கினார்கள். நானும் பிடிக்கப் போனேன். "மாமன் தொடக் கூடாதுங்க" என்றார் நங்கை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நங்கை பாவாயியைத் தன் முன்னால் உட்கார வைத்து, அவள் கையைக் கைப்பிடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். ஒரு பெண் குழியில் கேழ்வரகைப் போட்டாள். முதல் சுற்றில் கல் முனகியது. பிறகு ஓரத்திலிருந்து மாவு கொட்டியது. பாவாயி என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, மாவு!" என்றாள். பிறகு பார்க்கவில்லை.

முதலில் விழுந்த மாவை ஒரு துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தார்கள். அது செத்தவளின் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டுமாம். சடையன் அடிவாரம் வரைக்கும் வருவதற்காக வாசலில் நின்றார். நான் பாவாயியைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"கூப்புடாதீங்க" என்றார் நங்கை, கையை நிறுத்தாமல். "மொத அரவை முடியற வரைக்கும் அரைக்கறவங்களை ஆரும் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது. இருந்து பாத்துட்டுப் போங்க, இல்லாட்டி அப்பிடியே போங்க."

இருந்தால் போக மாட்டேன் என்று தெரிந்தது. அப்படியே போனேன். சீட்டு கல்லுக்குப் பக்கத்தில் மாவு படிந்து கிடந்தது. எடுக்கவில்லை. பாதை திரும்புகிற வரைக்கும் கல் சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் நின்று நின்று கேட்டேன். சடையன் முன்னால் போய்விட்டு, திரும்பி, எனக்காகக் காத்திருந்தார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் துரைசாணி கேட்டார்கள், சீட்டு சொன்ன மாதிரிதானே ஆயிற்று என்று. "ஆமாங்கம்மா" என்றேன். கையை விட்டுப் போனது உண்மைதானே.

வீட்டில் அம்மா மாவு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். யார் அரைத்தது என்று கேட்டாள். சொன்னேன். அன்று சாயங்காலமே களி கிண்டினாள். பழக்கத்தில் பாவாயி தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தாள். நாள்பட்டுக் கிடந்த கல்லின் முதல் மாவு அல்லவா, களியில் மண் இருந்தது. அம்மா ஒரு வாய் தின்றாள்.

"நறநறங்குது" என்றாள்.

நான் தட்டை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. துப்பாமல், மெதுவாக மென்று, முழுவதும் தின்றாள்.